மோகன் குமாரமங்கலம்

சுரேந்திர மோகன் குமாரமங்கலம் (நவம்பர் 1, 1916 – மே 31, 1973) தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். இளமையில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியிலும் பின்னர் இந்திய தேசிய காங்கிரசிலும் பணியாற்றினார். சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராகவும், 1971 முதல் 1973 வரை இந்திய அரசின் உருக்கு, சுரங்கத்துறை அமைச்சராகவும் பதவி வகித்தார். இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள் இவருடைய பொறுப்பின்கீழ் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. நாட்டின் முதன்மை எரிபொருளை யார் தோண்டுவது, யார் விற்பது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது ஆகிய முடிவுகள் அனைத்தும் இதனால் அரசின் கைக்கு வந்தன. இவ்வேற்பாடு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

குடும்பம்

மோகன் குமாரமங்கலம் இலண்டனில் பிறந்தார். இவரது தந்தை ப. சுப்பராயன் அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கிய குமாரமங்கலம் சமீனின் சமீன்தார். இவ்வூர் திருச்செங்கோடு வட்டத்தைச் சேர்ந்தது. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பின்னாளில் மகாராட்டிர ஆளுநராகப் பதவியிலிருந்தபோது 1962 இல் காலமானார்.

தாய் இராதாபாய் சுப்பராயன், மங்களூரைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்ட இந்தியப் பெண்களுள் ஒருவர். நடுவண் சட்டமன்றத்தின் மேலவையில் இடம்பெற்ற முதல் பெண்மணியும் இவரே.

இவர்களுடைய பிள்ளைகள் வெவ்வேறு துறைகளில் புகழ்பெற்றனர். மூத்தவரான பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். தங்கை பார்வதி கிருஷ்ணன் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கினார்.

கல்வி

மோகன் குமாரமங்கலம் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும், பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கிங்சு கல்லூரியிலும் பயின்றார். 1938 இல் கேம்பிரிட்ச் மாணவர் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இன்னர் டெம்பிளில் வழக்கறிஞர் தகுதியும் பெற்றார்.

1930களின் பொருளாதாரப் பெருமந்தம், எசுப்பானிய உள்நாட்டுப் போர், செருமனியில் நாட்சிகளின் எழுச்சி ஆகியவை அக்காலத்தில் இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர் பலரை இடதுசாரிச் சிந்தனையின் பக்கம் திருப்பின. சோதி பாசு, இந்திரசித் குப்தா, பூபேசு குப்தா முதலியோர் இவருடைய தலைமுறையைச் சேர்ந்தவர்கள். பிரதமர் சவகர்லால் நேருவின் மகளான இந்திரா காந்தியும் அதே ஆண்டுகளில் ஆக்சுபோர்டில் படித்தார். அக்காலத்தில் இந்த வட்டத்தில் ஏற்பட்ட தொடர்புகள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் தில்லி அரசியலில் பயன்பட்டன.

பொதுவுடைமை இயக்கத்தில்

1939 இல் தாயகம் திரும்பிய குமாரமங்கலம் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியின் முழுநேர ஊழியரானார். சமீன்தாரின் மகன் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் கட்சி தலைமறைவாக இயங்க நேர்ந்தது. 1940 இல் பதிவான சென்னைச் சதி வழக்கில் பி. இராமமூர்த்தி, சி. எசு. சுப்பிரமணியம், ரா. உமாநாத் முதலியோருடன் இவரும் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1942 இல் கட்சியின் மீதான தடை நீங்கியது.

இவர் வங்காளத்தைச் சேர்ந்த கல்யாணி முகர்ச்சியை மணந்தார். கல்யாணி, பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த அசய் முகர்ச்சியின் உறவினர்.

வழக்கறிஞர் பணி

விடுதலைக்குப் பின் குமாரமங்கலம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1965 இல் மொழிப் போராட்டம் நடந்த காலத்தில் இந்தியாவின் மொழிச் சிக்கலைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

1964 இல் பொதுவுடைமைக் கட்சி இரண்டாகப் பிளந்தது. முற்போக்குத் திட்டங்களை நிறைவேற்ற விரும்புவோர் காங்கிரசுக்கு வெளியே நின்று அதை எதிர்ப்பதைவிட, உள்ளே சென்று அதன் போக்கை மாற்றுவதே பயன் தரும் என்பது இக்காலத்தில் இவர் முன்வைத்த கருத்து. இது பின்னாளில் குமாரமங்கலம் கோட்பாடு என்று அழைக்கப்பட்டது. இவரும் கட்சியை விட்டு விலகினார். 1966 இல் சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக நியமிக்கப்பட்டு 1967 வரை அப்பதவியில் இருந்தார். பின்னர் காங்கிரசில் சேர்ந்தார். அமைச்சராவதற்கு முன் இந்தியன் ஏர்லைன்சு நிறுவனத்தின் தலைவராகவும் பணியாற்றினார்.

அமைச்சர் பதவி

1969 இல் காங்கிரசு பிளவுபட்டது. அதே ஆண்டு சூலையில் 14 பெரிய வணிக வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. 1971 மார்ச்சில் நடந்த மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசு பெரும் வெற்றி பெற்றது. குமாரமங்கலம் புதுச்சேரித் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு உருக்கு, சுரங்கத்துறை அமைச்சரானார். கட்சியின் இடதுசாரிப் பிரிவினருள் செல்வாக்கு மிக்கவராக இவர் கருதப்பட்டார்.

நிலக்கரித் தொழிலின் நிலை

இந்தியாவில் வணிக முறையிலான நிலக்கரி அகழ்வு 1774 இல் வங்காளத்தின் இராணிகஞ்சில் தொடங்கியது. 1850களில் தொடர்வண்டிப் பாதைகள் வந்தபின் இத்தொழில் பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய பீகாரின் சாரியா வயல் திறக்கப்பட்டது. 1956 இல் தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகம் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆந்திரத்தில் சிங்கரேணி நிறுவனமும் பொதுத்துறையில் இருந்தது. எனினும் சாரியா, இராணிகஞ்சு வயல்களின் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான தனியார் முதலாளிகளிடமே இருந்தது. அவற்றுள் பல மிகச் சிறிய சுரங்கங்கள்.

எல்லா நிலக்கரியும் ஒரே தன்மையுடையதன்று. காற்றுப் புகாத சூளையில் சூடாக்கும்போது உருகி இறுகி, உறுதியான கற்கரியாக மாறக்கூடிய வகைகள் சில மட்டுமே. ஊது உலையில் இரும்புத்தாதுவின் பாரத்தைத் தாங்கி நிற்கவும், தாதுவிலிருந்து உயிர்வளியைப் பிரிக்கவும் இக்கற்கரி தேவை. இந்தியாவில் முதல்தரக் கற்கரி நிலக்கரி சாரியா வயலில் மட்டுமே கிடைக்கிறது. அனல்மின் நிலையங்களும் தொடர்வண்டிகளும் பிற வகை நிலக்கரியைக் கொண்டு இயங்க முடியும், உருக்காலைகளால் இயலாது.

பழைய முறைச் சுரங்கங்களில் கூரை சரியாமல் இருக்க நிலக்கரியையே தூண்களாக விட்டு, இடைப்பட்டதை வெட்டி எடுப்பர். பின்னர் தூண்களையும் எடுக்க வேண்டுமானால் வெற்றிடத்தை மணலால் நிரப்ப வேண்டும். இதற்குச் செலவாகும். செலவைத் தவிர்க்க விரும்பிய முதலாளிகள் எளிதில் கிடைத்த அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கைவிட்டனர். அல்லது மணல் நிரப்பாமலேயே தூண்களை வெட்டினர். இதனால் மேல்நிலம் தாழ்ந்தது. பிளவுகள் வழியே காற்று உட்புகுந்து, எஞ்சிய நிலக்கரி தானாகவே தீப்பற்றியது. சாரியாவில் இத்தகைய தீ 1916 இலேயே கண்டறியப்பட்டது.

தொழிலாளர் நிலையும் மோசமாக இருந்தது. ஒப்பந்தக்காரர்கள் வழியாக ஆட்கள் அமர்த்தப்பட்டனர். ஊதியக்குழு பரிந்துரைத்த கூலி பல சுரங்கங்களில் கொடுக்கப்படவில்லை. வருங்கால வைப்புநிதிக்குப் பிடித்த தொகையும் பல இடங்களில் செலுத்தப்படாமல் நின்றது. 1965 மே மாதத்தில் தோரி சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 268 பேர் இறந்தனர்.

மறுபுறம் எரிபொருளின் தேவை விரைவாக வளர்ந்தது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகள் இயங்கிக்கொண்டிருந்தன. பொகாரோ ஆலை கட்டப்பட்டு வந்தது. மாநில மின்வாரியங்கள் புதிய அனல்மின் நிலையங்களை அமைத்தன. சிற்றூர்களில் நீர்ப்பாசனக் கிணறுகளுக்கு மின்னேற்றிகள் பெருகின. 1970-71 இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி ஏறத்தாழ 7.3 கோடி டன். அடுத்து வரும் தேவைக்கு இது போதாது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. பெரிய புதிய சுரங்கங்களுக்கு வேண்டிய முதலீட்டைத் தனியார் செய்ய முன்வராததே சிக்கலாக இருந்தது. போட்ட பணம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும், அரசு கையகப்படுத்தக்கூடும் என்னும் அச்சமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன.

நாட்டுடைமையாக்கம்

குமாரமங்கலம் இதனை இரு கட்டங்களாக நிறைவேற்றினார். முதலில் கற்கரி நிலக்கரிச் சுரங்கங்களை எடுத்துக்கொண்டார். 1971 அக்டோபரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் இச்சுரங்கங்களின் நிருவாகம் அரசிடம் வந்தது. முன்னறிவிப்புக் கொடுத்தால் இயந்திரங்களும் கையிருப்பும் இடம் மாறிவிடும் என்பதால், முதலில் நிருவாகத்தை மட்டும் திடீரென ஏற்று, உடைமையைப் பின்னர் மாற்றுவது என்னும் முறை கையாளப்பட்டது. மே 1, 1972 முதல் 214 கற்கரி நிலக்கரிச் சுரங்கங்களும் 12 கற்கரி உலைகளும் நாட்டுடைமை ஆயின. இவற்றை நடத்த பாரத் கற்கரி நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. டாட்டா உருக்கு நிறுவனம் தன் ஆலைக்கென வைத்திருந்த சுரங்கங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இரண்டாம் கட்டம் 1973 சனவரி இறுதியில் தொடங்கியது. மீண்டும் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மற்ற வகை நிலக்கரிச் சுரங்கங்கள் 711 இன் நிருவாகம் ஏற்கப்பட்டது. மே 1, 1973 முதல் இவையும் நாட்டுடைமை ஆயின. இவற்றிற்காக நிலக்கரிச் சுரங்க ஆணையம் என்னும் நிறுவனம் உருவானது. இரு நிறுவனங்களும் தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகத்தின் சுரங்கங்களும் 1975 நவம்பரில் கோல் இந்தியா என்னும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டன.

கையகப்படுத்திய நாட்களில் பல இடர்ப்பாடுகள் தோன்றின. பல சுரங்கங்களில் கணக்கேடுகள் ஒழுங்காக இல்லை. செய்தி முன்கூட்டியே கசிந்த இடங்களில் அரசு வேலை கிடைக்கும் என்னும் நோக்கில் புதிய பெயர்கள் பதிவேடுகளில் சேர்க்கப்பட்டன. உண்மையில் நீண்டகாலம் உழைத்தோருள் சிலர் விடுபட்டனர் என்ற குறையும் எழுந்தது. முதலாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட தொகை மிகக் குறைவு என்று வழக்குகள் தொடரப்பட்டன.

இவ்வழக்குகளை எதிர்கொள்ளும் அடிப்படையை அரசு முன்னரே அமைத்திருந்தது. 1971 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 25ஆவது திருத்தம், கையகப்படுத்தும் சொத்துக்குக் கொடுக்கும் தொகை போதுமானதா என்று நீதிமன்றம் ஆராய்வதைக் கட்டுப்படுத்தியது. இத்திருத்தங்களை ஆதரித்து வாதிட்டவர்களுள் குமாரமங்கலம் முதன்மையானவர்.

உருக்குத்துறை

1972 சூலையில் வங்காளத்திலிருந்த இந்திய இரும்பு உருக்கு நிறுவனத்தின் நிருவாகத்தை அரசு ஏற்றது. 1973 சனவரி 24 அன்று இந்திய உருக்கு ஆணையம் நிறுவப்பட்டது. தனித்தனியாக அமைச்சகத்தை நம்பியிருந்த ஆலைகளை ஒரு தலைமை நிறுவனத்தின்கீழ் கொண்டுவந்து, அன்றாட நிருவாகத்தைத் துறைசார் வல்லுநர்களிடம் விடவேண்டும் என்பது இதன் நோக்கம். உருக்கையும் அதற்கான எரிபொருளையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்பதற்காக, பாரத் கற்கரி நிலக்கரி நிறுவனமும் தொடக்கத்தில் இவ்வாணையத்தின்கீழ் வைக்கப்பட்டது.

சேலம் வட்டாரமும் எரிபொருளும்

குமாரமங்கலத்தின் சொந்த மாவட்டத்தில் இரும்புத்தாது உண்டு. அதை உருக்க நிலக்கரி இல்லை. ஓமலூருக்குத் தெற்கே உள்ள கஞ்சமலையின் காந்தத் தாது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஓமலூருக்கும் சேலத்துக்கும் இடையில் வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட்டு, உருக்காலை உலைகளின் உட்சுவருக்கான வெப்பந்தாங்கு கற்கள் செய்யப் பயன்படுகிறது. ஆனால் தமிழகத்தில் கருநிலக்கரி கிடைப்பதில்லை. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். சூடாக்கினால் இறுகிக் கற்கரியாக மாறுவதும் இல்லை.

கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலி நிலக்கரியையும் இணைத்து ஓர் உருக்காலை அமைக்கலாமா என்பது பல ஆண்டுகள் ஆராயப்பட்டது. சேலம் உருக்காலை 1960களில் தமிழகத்தின் முக்கிய அரசியல் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1967 இல் திராவிட முன்னேற்றக் கழகம் இதற்காக எழுச்சி நாள் கடைப்பிடித்தது. 1970 செப்டம்பரில் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். குமாரமங்கலம் அமைச்சராக இருந்தபோது, 1972 இல் இதற்கெனத் தனி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. எனினும் ஊது உலைத் திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து வரும் உருக்குச் சுருள்களைக் குளிர்நிலையில் உருட்டித் துருப்பிடிக்காத எஃகுத் தகடு செய்யும் ஆலையாக 1981 இல் இது இயங்கத் தொடங்கியது. தாது இருக்கும் ஊரில் எரிபொருள் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இவ்வாலை ஒரு சான்று.

இவ்வட்டாரத்தின் மின்தேவைக்கும் இதே கதை பொருந்தும். 1934 இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, 1937 இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சேலம், ஓமலூர், திருச்செங்கோடு பகுதிகளின் நூற்பாலைகள், விசைத்தறிகள், சவ்வரிசி ஆலைகள், பாசனக் கிணறுகள் ஆகியவை பெருகியபோது, மழையை நம்பிய நீர்மின்சாரம் போதவில்லை. 1987 முதல் 1990 வரை மேட்டூரில் 210 மெகாவாட் திறன் கொண்ட நான்கு அனல்மின் அலகுகள் அமைக்கப்பட்டன. 2013 இல் 600 மெகாவாட் அலகு ஒன்று சேர்க்கப்பட்டது. இவற்றுக்கான நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சர் முதலிய வயல்களிலிருந்து வருகிறது. சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையிலிருந்து மேட்டூர் அணைக்குச் செல்லும் கிளை ஓமலூர்ச் சந்திப்பில் பிரிகிறது. நிலக்கரித் தொடர்வண்டிகள் இவ்வழியாகவே செல்கின்றன. 1973 இல் எடுக்கப்பட்ட முடிவின் பயனும் குறையும் இவ்வாறு ஓமலூர் வரை எட்டின. கோல் இந்தியா ஒதுக்கும் அளவும், பெட்டிகள் வந்து சேரும் நேரமும் இங்குள்ள விசைத்தறியின் மின்வெட்டைத் தீர்மானிக்கும் காரணிகளுள் அடங்கும்.

நீதிபதிகள் நியமனச் சர்ச்சை

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற இயலாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். அதற்கடுத்த நாட்களில், பணிமூப்பில் முன்னிருந்த செலத், எக்டே, குரோவர் ஆகிய மூன்று நீதிபதிகளைத் தாண்டி அ. நா. ரே தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர்.

சட்டத்துறை அமைச்சராக இல்லாதபோதும், மக்களவையில் இந்நியமனத்தை விரிவாக ஆதரித்துப் பேசியவர் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகக் கண்ணோட்டத்தையும் அரசு கருத்திற்கொள்ளலாம் என்பது இவருடைய வாதத்தின் சாரம். வழக்கறிஞர் சங்கங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. நீதித்துறையின் தன்னுரிமையைக் குலைத்த செயல் என்று இது இன்றும் பலரால் குறிப்பிடப்படுகிறது. இவரைப் பற்றிய மதிப்பீடுகள் இரு துருவங்களாகப் பிரிவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

மறைவு

நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமைச் சட்டம் மே 30, 1973 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மறுநாள், மே 31 இரவு, சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்சு போயிங் 737 வானூர்தி, புழுதிப்புயலால் பார்வைத்திறன் குறைந்திருந்த நிலையில் பாலம் நிலையத்தை அணுகும்போது விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் இறந்தனர். அவர்களுள் குமாரமங்கலமும் ஒருவர். முன்பு இவர் தலைவராக இருந்த நிறுவனத்தின் வானூர்தி அது. இறக்கும்போது இவருக்கு வயது 56. பஞ்சாபின் முன்னாள் முதலமைச்சர் குர்ணாம் சிங்கும் இவ்விபத்தில் இறந்தார்.

நாட்டுடைமையாக்கத்தின் விளைவுகள்

குமாரமங்கலம் இறந்து ஐந்து மாதங்களுக்குள், 1973 அக்டோபரில், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை தொடங்கியது. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெயின் விலை 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. 1974 இல் சுகமோய் சக்கரவர்த்தி தலைமையிலான எரிபொருள் கொள்கைக் குழு, நிலக்கரியே நாட்டின் முதன்மை எரிபொருளாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்போது சுரங்கங்கள் அரசின் கையில் இருந்ததால் திட்டமிடல் எளிதாயிற்று. நிலக்கரியில் தொடங்கிய போக்கு எண்ணெய் விற்பனையிலும் தொடர்ந்தது. எசோ, பர்மா செல், கால்டெக்சு ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் இந்திய வணிகம் 1974 முதல் படிப்படியாக அரசுடைமையாகி, இந்துசுத்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. நாமக்கல்லைச் சேர்ந்த தாங்கி லாரிகள் பிற்காலத்தில் தென்மாநிலங்கள் எங்கும் சமையல் எரிவளியைக் கொண்டு சென்றது இந்தப் பொதுத்துறை நிறுவனங்களுக்காகவே.

தொழிலாளரைப் பொறுத்தவரை மாற்றம் பெரியது. 1974 இறுதியில் முதலாவது தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாடெங்கும் ஒரே ஊதிய அமைப்பு வந்தது. வீடு, மருத்துவம், ஓய்வுக்கால நிதி ஆகியவை உறுதியாயின. ஆயினும் விபத்துகள் நிற்கவில்லை. 1975 டிசம்பரில் சாசுனாலா சுரங்கத்தில் நீர் புகுந்து 375 பேர் இறந்தனர்.

குறைகளும் பல. நிலக்கரியின் விலையை அரசே நிர்ணயித்ததால், உற்பத்திச் செலவைவிடக் குறைவான விலையில் விற்று நிறுவனங்கள் நெடுங்காலம் இழப்பைச் சந்தித்தன. 2000 ஆம் ஆண்டில்தான் விலைக்கட்டுப்பாடு முற்றிலும் நீக்கப்பட்டது. தன்பாது பகுதியில் தனியார் முதலாளிகள் போனபின், ஒப்பந்தங்களையும் தொழிற்சங்கங்களையும் கைப்பற்றிய வன்முறைக் கும்பல்கள் தோன்றின. சாரியாவின் தீ அணையவில்லை. தீப்பிடித்த நிலத்தின்மேல் வாழும் மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பணி 21ஆம் நூற்றாண்டிலும் முடிவடையவில்லை. திறந்தவெளிச் சுரங்கங்கள் பெருகியதால் உற்பத்தி உயர்ந்தது. காடுகளும் பழங்குடியினரின் ஊர்களும் அழிந்தன.

1991 இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின் மின்தேவை மேலும் விரைவாக வளர்ந்தது. 1993 இல் சட்டம் திருத்தப்பட்டு, மின் உற்பத்தி செய்யும் தனியார் தம் தேவைக்கு மட்டும் சுரங்கம் நடத்த அனுமதிக்கப்பட்டனர். இவ்வொதுக்கீடுகளில் முறைகேடு நடந்ததாக எழுந்த வழக்கில், 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 214 ஒதுக்கீடுகளை நீக்கியது. குமாரமங்கலம் கொண்டுவந்த நாட்டுடைமைச் சட்டங்கள் 2018 சனவரியில் முறைப்படி நீக்கப்பட்டன. 2020 முதல் தனியார் தோண்டி வெளிச்சந்தையில் விற்கும் வகையில் நிலக்கரி வயல்கள் ஏலம் விடப்படுகின்றன. எனினும் கோல் இந்தியா அரசின் பெரும்பங்குடைய நிறுவனமாகவே நீடிக்கிறது. 2024-25 இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி இந்நிறுவனத்தினுடையது.

ஆதரிப்போர், அரசு ஏற்காதிருந்தால் 1970களின் மின்நிலையங்களுக்கு நிலக்கரி கிடைத்திருக்காது என்றும், சுரங்கத் தொழிலாளி மனிதனாக நடத்தப்பட்டிருக்க மாட்டான் என்றும் கூறுவர். எதிர்ப்போர், போட்டியற்ற ஏகபோகத்தால் நிலம் முழுவதும் நிலக்கரி இருந்தும் நாடு அதை இறக்குமதி செய்ய நேர்ந்தது என்பர். தனியார் விட்டுச்சென்ற நிலையில் அச்சுரங்கங்கள் தொடர்ந்திருக்க முடியாது என்பதை இரு தரப்பினரும் பெரும்பாலும் ஏற்கின்றனர்.

குடும்பத்தின் அரசியல் தொடர்ச்சி

இவருடைய மகன் ரங்கராசன் குமாரமங்கலம் (1952–2000) சேலம் தொகுதியிலிருந்து காங்கிரசு உறுப்பினராகவும், பின்னர் திருச்சிராப்பள்ளியிலிருந்து பாரதிய சனதா கட்சி உறுப்பினராகவும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாச்பாயி அமைச்சரவையில் மின்துறை அமைச்சராக இருந்தபோது 2000 ஆகத்தில் காலமானார். தந்தை எரிபொருளை அரசின் கைக்குக் கொண்டுவந்தவர். மகன் மின்துறையில் தனியார் முதலீட்டை வரவேற்ற காலத்தின் அமைச்சர். மகள் லலிதா குமாரமங்கலம் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார்.

நினைவு

1986 இல் சேலத்தில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரிக்கு மோகன் குமாரமங்கலத்தின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களின் மக்கள் இக்கல்லூரியின் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வருகின்றனர்.

எழுத்துப்பணி

குமாரமங்கலத்தின் நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. மொழிச் சிக்கல் (1965), அரசியலமைப்புத் திருத்தங்களின் காரணங்கள் (1971), நீதிபதிகள் நியமனம் (1973), இந்திய நிலக்கரித் தொழிலின் நாட்டுடைமையாக்கமும் எதிர்காலப் பணிகளும் (1973) ஆகிய பொருள்களில் இவர் எழுதினார். இறுதியாகக் குறிப்பிட்ட நூல், சுரங்கங்களை ஏற்றதற்கான காரணங்களையும் அவற்றை ஏற்றபின் அரசு செய்ய வேண்டியவற்றையும் அமைச்சரே விளக்கும் ஆவணம் என்பதால், இந்திய எரிபொருள் வரலாற்றை ஆராய்வோர்க்குப் பயன்படுகிறது.